67 வயதில் ஜிம்: கேட்டவர்களுக்கெல்லாம் சேர்த்து ஒரே பதில்



போன வாரம் என் தம்பி மகள் குடும்பக் குழுவில் ஒரு படத்தைப் போட்டுவிட்டாள். சுடிதார் போட்டு, துப்பட்டாவை இடுப்பில் இறுக்கிக் கட்டி, இரண்டு கையிலும் டம்ப்பெல்லோடு நான் நிற்கிற படம். அது எப்படியோ நம் பழைய மாணவர் குழுக்கள் எல்லாவற்றுக்கும் போய்விட்டது. மூன்று நாளாகப் போன் ஓயவில்லை. துபாயிலிருந்து ஒருவன், "டீச்சர், இது நீங்கதானா, இல்ல கம்ப்யூட்டர்ல செஞ்ச படமா?" என்கிறான். அரக்கோணத்து மருமகள், "அத்தை, இந்த வயசுல டிஸ்க் நகர்ந்துட்டா யார் பார்க்கிறது?" என்று உண்மையான கவலையோடு கேட்டாள். புத்தூரில் இருக்கும் நாத்தனாருக்கு ஒரே கேள்வி: "வெயிட் எவ்வளவு குறைஞ்சுது அண்ணி?"

ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகப் பதில் சொல்லத் தொண்டை இடம் கொடுக்காது. 33 வருடம் சாக்பீஸ் தூசியில் கத்திய தொண்டை. அதனால் இங்கே எழுதுகிறேன். நீளமாகத்தான் இருக்கும். என் வகுப்பில் தூங்கியவர்கள் இங்கேயும் தூங்கலாம், பெஞ்ச் மேல் ஏற்ற மாட்டேன்.

நாத்தனாருக்கு முதலில். எடை குறையவில்லை. ஏழு மாதத்தில் ஒன்றரைக் கிலோ கூடியிருக்கிறது. இடுப்புச் சுற்றளவு இரண்டு அங்குலம் குறைந்திருக்கிறது. இரண்டும் எப்படி ஒன்றாக நடக்கும் என்பதற்கு அப்புறம் வருகிறேன். நான் ஜிம்முக்குப் போனது மெலிவதற்காக அல்ல, அக்காவுக்காக.

அக்காவை உங்களில் பலருக்குத் தெரியும். வீட்டுக்கு டியூஷன் வந்தவர்களுக்கு முறுக்கு கொடுத்தவள். என்னைவிட ஐந்து வயது மூத்தவள். நாங்கள் இருவரும்தான் வீட்டில். போன வருடம் ஆடிக் கிருத்திகைக்கு முந்தின வாரம் ராத்திரி பாத்ரூமுக்குப் போகும்போது விழுந்துவிட்டாள். இடுப்பு எலும்பு முறிவு. சென்னையில் ஆபரேஷன். அது நன்றாகவே நடந்தது. மூன்று மாதம் கழித்து எக்ஸ்ரே எடுத்த டாக்டர், "எலும்பு அருமையா சேர்ந்திருக்கு" என்று கை கொடுத்தார். ஆனால் அக்கா எழவில்லை. கட்டிலிலிருந்து நாற்காலிக்கு, நாற்காலியிலிருந்து கழிப்பறைக்கு, எல்லாம் ஒருவர் தூக்கிவிட்டால்தான். பகலில் உதவிக்கு ஒரு பெண் வருவாள். ராத்திரி நான்.

கார்த்திகை மாதத்தில் ஒரு நாள், மணி இரண்டரை இருக்கும், அவளைத் தூக்கும்போது என் முழங்கால் மடங்கியது. இரண்டு பேரும் மெதுவாகச் சரிந்து தரையில் உட்கார்ந்துவிட்டோம். அடி படவில்லை. நான் கட்டில் காலைப் பிடித்து எப்படியோ எழுந்தேன். அவளை எழுப்ப முடியவில்லை. மூன்று முறை பார்த்தேன். பக்கத்து வீட்டைத் தட்டலாம் என்றால் அக்கா வேண்டாம் என்றாள். நைட்டி விலகிக் கிடக்கிற கோலத்தில் வெளி ஆள் வந்து தன்னைத் தூக்குவதில் அவளுக்குச் சம்மதம் இல்லை. 72 வயதில் ஒரு பெண்ணுக்கு அந்த உரிமைகூடக் கிடையாதா? இரண்டு தலையணையை எடுத்துப் போட்டு, போர்வையைப் போர்த்தி, நானும் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டேன். ஐந்து மணிக்குப் பால்காரர் தன் மனைவியை அழைத்து வரும்வரை அப்பாவைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தோம். அப்பா தினமும் காலையில் தண்டால், பஸ்கி எடுத்தது, மாட்டுக் கொட்டகையில் கர்லாக்கட்டை சுற்றியது, பெண் பிள்ளைகள் கிட்டே வந்தால் விரட்டியது. "நம்மையும் சுத்த விட்டிருந்தா இப்போ எழுந்திருப்போம்" என்று அக்கா சொன்னாள். சிரித்துவிட்டோம். ஆனால் எனக்கு அந்த ராத்திரி பயம் பிடித்துவிட்டது. அடுத்த தடவை நானும் எழ முடியாமல் போனால்?

அந்த வாரம் 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் இயன்முறை சிகிச்சை தரும் பெண் வீட்டுக்கு வந்தார். 2021 ஆகஸ்டில் தொடங்கிய அந்தத் திட்டத்தில் ரத்த அழுத்தம், சர்க்கரை மாத்திரை மட்டும்தான் வீட்டுக்கு வரும் என்று நிறையப் பேர் நினைக்கிறார்கள். படுத்திருப்பவர்களுக்கு இயன்முறை சிகிச்சையும் உண்டு, கேட்டு வாங்குங்கள். அவர் அக்காவின் தொடையை அழுத்திப் பார்த்துவிட்டு, "எலும்பு சேர்ந்துடுச்சும்மா. சதைதான் இல்ல" என்றார். பிறகு என் பக்கம் திரும்பி, "நீங்க இந்த நாற்காலியில உட்கார்ந்து, கையை நெஞ்சுல கட்டிக்கிட்டு, முப்பது செகண்டுல எத்தனை தடவை எழுந்து உட்காருறீங்கன்னு பார்ப்போம்" என்றார்.

எட்டு. எட்டு தடவைதான் முடிந்தது.

இந்தச் சோதனைக்கு வயதுவாரியாக ஓர் அட்டவணை இருக்கிறது. அமெரிக்க நோய்த்தடுப்பு மையம் வயதானவர்கள் விழும் அபாயத்தைக் கணிக்க இதைப் பயன்படுத்துகிறது. 65 முதல் 69 வயதுப் பெண்ணுக்கு 11க்குக் கீழே என்றால் சராசரிக்குக் குறைவு. ஆணுக்கு 12. 70 முதல் 74 வயதுப் பெண்ணுக்கு 10. கையை ஊன்றி எழுந்தால் மதிப்பெண் சைபர். தினமும் முக்கால் மணி நேரம் நடக்கிறவள் நான், ஊரில் எல்லோருக்கும் தெரியும். நடந்தும் எட்டுதான்.

இங்கே கொஞ்சம் பாடம். அறிவியல் டீச்சரிடம் வேறென்ன எதிர்பார்க்கிறீர்கள்?

வயதாக ஆக எலும்பு தேய்கிறது என்று எல்லோருக்கும் தெரியும். தசை கரைவது தெரிவதில்லை. முப்பது வயதுக்கு மேல் மெல்ல ஆரம்பிக்கிறது, அறுபதுக்கு மேல் வேகம் பிடிக்கிறது. இதற்குப் பெயரே 1989இல்தான் வைத்தார்கள். இர்வின் ரோசன்பர்க் என்ற அமெரிக்க மருத்துவர் கிரேக்கச் சொற்களைச் சேர்த்து 'சார்கோபீனியா' என்றார். சதைப் பஞ்சம் என்று நாம் சொல்லிக்கொள்ளலாம். கரைந்த இடத்தில் கொழுப்பு வந்து உட்கார்ந்துகொள்வதால் எடை மெஷினில் அது தெரியாது. பத்து வருடமாக அதே 54 கிலோ என்று பெருமைப்படுகிறவருக்கு உள்ளே சரக்கு மாறியிருக்கும். என் எடையும் இடுப்பும் எதிரெதிராகப் போனது இந்தக் கணக்கில்தான். இப்போது சரக்கு திரும்பி மாறுகிறது.

ஒல்லியாக இருப்பவர்கள் தங்களுக்கு இது இல்லை என்று நினைக்க வேண்டாம். 2004இல் லான்செட் மருத்துவ இதழில் இரண்டு டாக்டர்கள் பக்கத்தில் பக்கத்தில் நிற்கிற ஒரு படம் வந்தது. ஒருவர் புனேயைச் சேர்ந்த யாஜ்னிக், மற்றவர் லண்டனைச் சேர்ந்த யுட்கின். உயரத்துக்கு எடை என்ற கணக்கில், அதாவது பிஎம்ஐயில், இருவரும் 22.3. ஆனால் உடம்பில் கொழுப்பு? லண்டன்காரருக்கு 9.1 சதவீதம், நம்மவருக்கு 21.2 சதவீதம். நம் ஆட்களுக்குப் பார்வைக்கு ஒல்லியாக இருந்தும் தசை குறைவு. சாப்பிட்ட பிறகு ரத்தத்தில் ஏறுகிற சர்க்கரையில் பெரும்பங்கை வாங்கி வைத்துக்கொள்வது தசைதான். வாங்கி வைக்கிற கிடங்கே சுருங்கிவிட்டால் சர்க்கரை எங்கே போகும்? வீட்டுக்கு வீடு சர்க்கரை நோய் இருப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

சரி, கரைந்த தசை 67 வயதில் திரும்புமா? நான் தேடிப் படித்ததில் என்னை நிமிர்ந்து உட்கார வைத்தது 1990இல் வந்த ஓர் ஆராய்ச்சி. பாஸ்டனில் ஒரு முதியோர் காப்பகத்தில் மரியா ஃபியாட்டரோன் என்ற டாக்டர் செய்தது. பத்துப் பேர், வயது சுமார் 90, எல்லோரும் தளர்ந்தவர்கள். எட்டு வாரம், காலுக்கு எடைப் பயிற்சி. லேசான எடை இல்லை, அவரவரால் முடிகிற அளவில் பெரும்பகுதி. ஒருவர் நடுவில் நின்றுவிட்டார். முடித்த ஒன்பது பேருக்கும் கால் பலம் சராசரியாக 174 சதவீதம் கூடியது. தொடைத் தசையின் அளவு 9 சதவீதம் கூடியது. தொண்ணூறு வயதில்! அக்காவுக்குப் படித்துக் காட்டினேன். "அவங்க எல்லாம் மாட்டுக்கறி சாப்பிடுவாங்க" என்று ஒதுக்கிவிட்டாள்.

"நடந்தா போதாதா டீச்சர், தினமும் மலை ஏறினா போதாதா?" என்று கேட்கிறவர்களுக்கு. நடப்பது நல்லதுதான், நான் நிறுத்தவில்லை. அதைவிடப் படி ஏறுவது நல்லது. 1953இல் ஜெரி மாரிஸ் என்பவர் லண்டன் மாடி பஸ்களில் வேலை செய்தவர்களைப் பற்றி எழுதினார். நாள் முழுக்க உட்கார்ந்து ஓட்டுகிற டிரைவரைவிட, டிக்கெட் கொடுக்க மாடிக்கும் கீழுக்கும் ஏறி இறங்கிய கண்டக்டருக்கு மாரடைப்பு குறைவு. உடல் உழைப்புக்கும் இதயத்துக்கும் உள்ள சம்பந்தத்தை எண்ணிக்கையோடு காட்டிய முதல் ஆராய்ச்சிகளில் ஒன்று அது. நமக்கு மாடி பஸ் வேண்டாம், முருகன் 365 படி கொடுத்திருக்கிறான். வருடத்துக்கு எத்தனை நாளோ அத்தனை படி. டிசம்பர் 31 ராத்திரி படித் திருவிழாவில் ஒவ்வொரு படிக்கும் ஒரு திருப்புகழ் பாடிக்கொண்டே ஏறுவார்கள். வெள்ளைக்காரத் துரைகளுக்குப் புத்தாண்டு வாழ்த்துச் சொல்ல ஓடிய காலத்தில், துரைக்கெல்லாம் துரையான முருகனைப் போய்ப் பாருங்கள் என்று வள்ளிமலை சச்சிதானந்த சுவாமிகள் தொடங்கி வைத்தது. இப்போது காரில் மேலே போய், மேலேயே நின்று செல்ஃபி எடுத்து, காரிலேயே இறங்குகிறோம். அது போகட்டும்.

ஏறுவதற்கு மூச்சு வேண்டும், இறங்குவதற்குத் தொடை வேண்டும். இறங்கும்போது முன்தொடைத் தசை நீண்டுகொண்டே பிரேக் பிடிக்கிறது. நம் ஊர்ப் படியில் பாருங்கள், ஐம்பதைத் தாண்டிய பெண்கள் ஏறும்போது நேராக ஏறுவார்கள், இறங்கும்போது பக்கவாட்டில் ஒவ்வொரு காலாக வைப்பார்கள். முழங்கால் வலி என்று தைலம் தடவுவார்கள். பலருக்கு மூட்டைவிட, அதைத் தாங்குகிற தசைதான் முதலில் கைவிட்டிருக்கும். உலக சுகாதார நிறுவனத்தின் 2020 வழிகாட்டுதலிலும் வாரத்துக்கு 150 நிமிடமாவது நடை என்பதோடு நிற்கவில்லை. வாரத்தில் இரண்டு நாளாவது தசைக்கு வேலை, 65க்கு மேற்பட்டவர்களுக்கு மூன்று நாளாவது சமநிலையும் பலமும் சேர்ந்த பயிற்சி என்று தனியாகச் சொல்லியிருக்கிறார்கள். முதல் பாதியை மட்டும் எல்லா டாக்டரும் சொல்கிறார்கள்.

இப்போது ஜிம் கதை. தை பிறந்து சேர்ந்தேன். காலை பத்தரையிலிருந்து பன்னிரண்டு வரை பெண்கள் நேரம். மாதம் 800 ரூபாய். பயிற்சி கொடுக்கிறவன் என் பழைய மாணவன். பெயர் போட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டிருக்கிறான், அவன் பேட்ச் ஆட்களுக்குத் தெரியும். கடைசி பெஞ்ச். முதல் நாள் ஸ்குவாட் செய்யச் சொன்னான். "அப்படின்னா என்னப்பா?" என்றேன். கொஞ்சம் தயங்கிவிட்டு, "நீங்க எங்களுக்குக் கொடுப்பீங்களே டீச்சர், தோப்புக்கரணம். காதைப் பிடிக்க வேண்டாம்" என்றான். அங்கிருந்த எல்லோரும் சிரித்தார்கள். அவன் மட்டும் சிரிக்காமல் நின்றதைப் பாராட்ட வேண்டும். "முட்டி வெளியே பார்க்கட்டும். முதுகு வளையக் கூடாது. இன்னும் ரெண்டு." நான் முறைத்தால் மூன்றாகிறது.

எண்ணுவதில் எங்கள் ஜிம்முக்கு ஒரு தனிச் சிறப்பு. நகரி பக்கத்திலிருந்து வரும் இரண்டு பெண்களுக்கு ஒகட்டி, ரெண்டு, மூடு. எங்களுக்கு ஒன்று, இரண்டு, மூன்று. 1960 ஏப்ரல் 1 வரை சித்தூர் மாவட்டத்தில் இருந்த ஊர்தானே, எல்லையைக் கோடு போட்டாலும் நாக்கில் கோடு போட முடியாது. சில நாள் இரண்டு எண்ணிக்கையும் குழம்பி, பன்னிரண்டு செய்ய வேண்டியது பதினைந்தாகிவிடும். பாட்டு மட்டும் சத்தம் தாங்காது. குறைக்கச் சொன்னால் அரை மணி நேரம் குறைப்பான்.

முதல் வாரம் மூன்றாம் நாள் கழிப்பறையில் உட்காரவே முடியவில்லை. பயப்பட வேண்டாம், வழக்கமில்லாத வேலை செய்த தசையில் நுண்ணிய அளவில் ஏற்படுகிற சேதமும், உடம்பு அதைச் சரிசெய்வதும்தான் அந்த வலி. ஒன்றிரண்டு நாள் கழித்து உச்சத்துக்கு வந்து தானாக அடங்கும். முதல் ஒன்றரை மாதத்தில் பலம் சட்டென்று கூடியது. அது தசை பெருத்ததால் அல்ல. இருக்கிற தசை நார்களை மூளையும் நரம்பும் கூடுதலாக வேலைக்குக் கூப்பிடக் கற்றுக்கொள்கின்றன. தசை வளர்வது அதற்கப்புறம், மெதுவாக. இரண்டு மாதத்தில் ஒன்றும் தெரியவில்லை என்று நிறுத்துகிறவர்கள் அந்தக் கட்டத்தில்தான் நிறுத்துகிறார்கள்.

என்ன எதற்காக வந்தேன் என்று சொன்னதும் பையன் நன்றாக யோசித்தான். மெஷின் பாதி, வேறு வேலை பாதி. காலால் தள்ளுகிற மெஷினில் 10 கிலோவில் ஆரம்பித்து இப்போது 45. கீழேயிருந்து எடையைத் தூக்குவதற்கு ஒரு நாள் பக்கத்துக் கடையிலிருந்து அரிசிச் சிப்பம் கொண்டுவந்து போட்டான். 26 கிலோ. (25 கிலோ வரை கட்டினால் ஜிஎஸ்டி, ஒரு கிலோ கூட்டினால் இல்லை. அந்த உபகாரத்தில் எனக்கு ஒரு கிலோ கூடுதல் சுமை.) "கம்பியைப் பிடிக்கிறது சுலபம் டீச்சர். மனுசங்களுக்குப் பிடி கிடையாது. மூட்டையில பழகுங்க" என்றான். ஒரு காலை முன்னே வைப்பது, ஆளை நம் உடம்போடு ஒட்டி இழுப்பது, இடுப்பில் துண்டைச் சுற்றிக் கட்டி அதைப் பிடித்துத் தூக்குவது, முதுகால் தூக்காமல் தொடையால் எழுவது, எல்லாம் மூட்டையில் பழகினேன். ஆடி மாதம் ஒரு ராத்திரி அக்கா மறுபடி கட்டிலோரம் சரிந்தாள். மூட்டையில் பழகியதை வைத்தே எழுப்பி உட்கார வைத்துவிட்டேன். முழுதாக ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. அக்கா ஒன்றும் சொல்லவில்லை, கையை மட்டும் கொஞ்ச நேரம் விடாமல் பிடித்துக்கொண்டிருந்தாள்.

சாப்பாடு பற்றிக் கேட்டவர்களுக்கு. டப்பா பவுடர் எதுவும் இல்லை. நம் சாப்பாட்டில் புரதம் குறைவு, அதைக் கூட்டினேன். நாலு இட்லியில் ஏழெட்டு கிராம் புரதம் கிடைத்தால் அதிகம். ஒரு கிலோ எடைக்கு 0.83 கிராம் என்பது இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் கணக்கு. முதியவர்களுக்கு 1 முதல் 1.2 கிராம் வரை வேண்டும் என்று பல நிபுணர்கள் சொல்கிறார்கள். எனக்கு 55, 60 கிராம். காலையில் பயறு அடை, மதியம் கெட்டியாகப் பருப்பும் தயிரும், நாலு மணிக்குக் கொள்ளோ கொண்டைக்கடலையோ சுண்டல், ஒரு பிடி வேர்க்கடலை. செவ்வாய், வெள்ளி, கிருத்திகை தவிர மற்ற நாளில் இரண்டு முட்டை. அக்காவுக்கும் அதே. சிறுநீரகக் கோளாறு இருப்பவர்கள் டாக்டரைக் கேட்காமல் புரதத்தைக் கூட்டக் கூடாது.

அதேபோல, என் படத்தைப் பார்த்துவிட்டு நாளைக்கே போய் எடையைத் தூக்க வேண்டாம். ரத்த அழுத்தம், இசிஜி பார்த்து டாக்டர் சரி என்ற பிறகுதான் நான் போனேன். தூக்கும்போது மூச்சை அடக்கக் கூடாது, அடக்கினால் அழுத்தம் சட்டென்று ஏறும். தூக்கும்போது மூச்சை வெளியே விட வேண்டும். தலை சுற்றினால், நெஞ்சு இறுகினால் அங்கேயே நிறுத்த வேண்டும். கத்திரி வெயில் இரண்டு வாரம் நான் போகவே இல்லை. வெயில் பட்டியலில் நம் ஊர் பெயர் தினமும் டிவியில் வரும்போது வீரம் காட்டத் தேவையில்லை.

அடுத்த வாரம் செப்டம்பர் 5. ராதாகிருஷ்ணன் பிறந்த ஊர் டீச்சர் என்று வருடா வருடம் சால்வையும் சந்தன மாலையும் கொண்டுவருகிறீர்கள். பீரோவில் இடம் இல்லை. இந்த வருடம் ஒரு வீட்டுப்பாடம். உங்கள் அம்மா, அப்பா, மாமியார், மாமனார், யார் வீட்டில் இருக்கிறார்களோ அவர்களை, சுவரோரம் நகராத நாற்காலியில் உட்கார வைத்து, நீங்கள் பக்கத்தில் நின்றுகொண்டு, முப்பது செகண்டில் எத்தனை தடவை எழுகிறார்கள் என்று எண்ணி எனக்கு அனுப்புங்கள். ஐம்பது தாண்டிய மாணவர்கள் தங்கள் மார்க்கையும் சேர்த்து. திருத்தாமல் அனுப்பவும், எனக்குத் தெரிந்துவிடும்.

என் மார்க் இப்போது 13.

அக்காவும் நாலு மணிக்குச் சுண்டல் சாப்பிடுவதற்கு முன் என்னோடு நாற்காலிப் பயிற்சி செய்கிறாள். வைகாசி வரை சைபர். கையை ஊன்றாமல் எழவே முடியாது. முதலில் இருக்கையில் இரண்டு தலையணை போட்டு உயர்த்தினோம், பிறகு ஒன்று, இப்போது ஒன்றும் இல்லை. போன ஞாயிற்றுக்கிழமை இரண்டு தடவை எழுந்தாள். இரண்டாவது தடவை கட்டைவிரல் நாற்காலிக் கையில் பட்டது என்று நான் சொன்னேன். படவே இல்லை என்று அவள் இன்றுவரை சாதிக்கிறாள். காலண்டரில் ஒன்றரை என்று போட்டு வைத்திருக்கிறேன். அவள் அதை அடித்துவிட்டு 2 என்று எழுதியிருக்கிறாள். காலண்டர் மாட்டியிருப்பது கட்டிலிலிருந்து நாலு அடி தள்ளி. எப்படிப் போய் எழுதினாள் என்று கேட்டால் சொல்ல மாட்டேன் என்கிறாள்.